கணினிக் கேள்வி – பதில்: அலுவலக சர்வருக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி: எங்கள் உதிரிபாக நிறுவனத்தில் 35 பேர். ஆர்டர், கையிருப்பு எல்லாம் பிஎச்பி நிரல்மொழி, மரியாடிபி தரவுத்தளம் கொண்டு எழுதிய வலைச்செயலியில்தான். ஒரு பழைய விண்டோஸ் 10 மேசைக் கணினியில் ஓடுகிறது. விற்பனையாளர் ரேக் சர்வரும் (சட்டத்தில் அடுக்கும் ரகம்) விண்டோஸ் சர்வரும் வாங்கச் சொல்கிறார். லினக்ஸ் போதாதா?
– வாசகர், பிறை, பினாங்கு

பதில்: தாராளமாகப் போதும். செயலி மைக்ரோசாஃப்டின் பழைய டாட்நெட்டில் எழுதப்பட்டிருந்தால் விண்டோஸ் சர்வர் தவிர வழியில்லை. பிஎச்பி-க்கு அந்தச் செலவு வீண். சிறிய சர்வரானாலும் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் வாங்க வேண்டும்; பயனர்களுக்கான அணுகல் உரிமம் தனி. சாதாரண விண்டோஸிலேயே தொடரலாம் என்றால், அதன் உரிமம் 20 கருவிகள் வரைதான் இணைய அனுமதிக்கிறது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

லினக்ஸில் உபுண்டு சர்வர் 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அல்லது டெபியன். இரண்டில் எது என்று அதிகம் யோசிக்க வேண்டாம். பராமரிக்கப் போகிறவருக்கு எது பழக்கமோ அதுவே சரி. உபுண்டு 24.04-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

ரேக் சர்வரும் வேண்டாம். அதன் விசிறிச் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. 4 கோர் சிபியு, 16 ஜிபி ஈசிசி (பிழையைத் தானே திருத்தும்) நினைவகம் கொண்ட, மேசைக் கணினி வடிவிலான டவர் சர்வர் போதும். கணக்கைப் பாருங்கள்: ஒரு பிஎச்பி செயல்முறைக்குச் சுமார் 50 எம்பி என்றால், ஒரே நேரத்தில் 20 ஓடினாலும் 1 ஜிபிதான். தரவுத்தளத்துக்கு 4 ஜிபி கொடுங்கள். மரியாடிபி தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடமான 'இன்னோடிபி பஃபர் பூல்' அளவு, நீங்கள் மாற்றாதவரை, வெறும் 128 எம்பி. நினைவகத்தை வாங்கிப் போட்டுவிட்டு இதைத் தொடாமல் விட்டால் பணம் போனதுதான் மிச்சம்.

பணத்தை எஸ்எஸ்டி வட்டில் போடுங்கள். மின்தடைப் பாதுகாப்பு உள்ள சர்வர் ரகம் இரண்டு, வேறு வேறு நிறுவனத்தினுடையவை, ரெய்ட் 1-இல் (ஒரே தரவு இரண்டு வட்டிலும் பதிவாகும் முறை). ஒரே ரகம் இரண்டு என்றால் சேர்ந்தே தேயும். நிறுவும்போது இரண்டாவது வட்டையும் 'பூட்' வட்டாகச் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் முதல் வட்டு செத்த அன்று தரவு பத்திரமாக இருக்கும், கணினி மட்டும் எழாது. நிறுவி முடித்ததும் முதல் வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். ரெய்ட் காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்தது இரண்டு வட்டிலும் அழிந்துவிடும். தினமும் இரவில் தரவுத்தள நகல் வேறு கணினிக்குப் போகட்டும்.

விண்டோஸிலிருந்து மாறும்போது உதைப்பது பெரும்பாலும் எழுத்துதான். லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு. விண்டோஸில் அட்டவணைப் பெயர்கள் சிறிய எழுத்திலேயே பதிவாகியிருக்கும். நிரலில் பெரிய எழுத்தில் இருந்தால் 'அட்டவணை இல்லை' என்று வரும். தரவை ஏற்றும் முன்பே மரியாடிபி-யில் 'லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ்' அமைப்பை 1 ஆக்கிவிடுங்கள். கோப்புப் பெயர்களைக் கையால்தான் திருத்த வேண்டும். உபுண்டு சர்வர் உலகப் பொது நேரத்தில்தான் நிறுவப்படும். கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றாவிட்டால் காலை 9 மணி ஆர்டர் அதிகாலை 1 மணிக்கு வந்ததாகப் பதிவாகும்.

கேள்வி: யுபிஎஸ் இருந்தும், மின்சாரம் போய் வந்தபின் சர்வர் சில நாள் தானாக எழுவதில்லை. ஏன்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் பயோஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். யுபிஎஸ்-இன் யுஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, யுபிஎஸ்-ஐக் கண்காணித்துச் சர்வரை முறையாக அணைக்கும் 'நட்' மென்பொருளை நிறுவுங்கள். கேபிள் இல்லாத யுபிஎஸ் சர்வர் விழுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே.

'சில நாள்' என்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: பேட்டரி இறங்கிச் சர்வர் முறையாக அணைகிறது, அதற்குள் மின்சாரம் திரும்பிவிடுகிறது. யுபிஎஸ் வெளியீடு அறுபடவே இல்லை, ஆகவே சர்வருக்கு மின்சாரம் போய் வந்ததே தெரியாது. சர்வர் அணைந்ததும் யுபிஎஸ்-உம் வெளியீட்டைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும்படி நட்டில் அமைக்க வேண்டும்.

பேட்டரியை வெப்பத்தில் வைக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சனி, ஞாயிறு ஏர்கோன் நிறுத்தும் அறை அதற்கு ஆகாது. மின்னலுக்கும் ஒரு வார்த்தை: ஃபைபர் வழியாக அது வராது. பக்கத்துக் கட்டடத்துக்கு வெளியே இழுத்த செம்புக் கேபிள் வழியாக வந்து சுவிட்சையும் சர்வரையும் சேர்த்தே எரிக்கும். அந்த இழுவையை ஃபைபருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அலுவலக சர்வருக்கு ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினி போதுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அறிவிப்புப் பக்கத்துக்குப் போதும். கணக்கு வழக்குக்கு வேண்டாம். தரவுத்தளம் ஓயாமல் எழுதினால் மைக்ரோ எஸ்டி அட்டை தேய்ந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். வைத்தே தீருவேன் என்றால், என்விஎம்இ எஸ்எஸ்டி-யும் பை 5-க்கென்றே உள்ள 27 வாட் மின்வழங்கியும் வாங்குங்கள். கைப்பேசி சார்ஜரில் ஓட்ட வேண்டாம்.