கரைச்சல் தராத பிள்ளை

"சொந்தக்காரப் பிள்ளை ஒன்றைப் பொறுப்பெடுத்து வளர்க்கப் போகிறோம். அதன் மனநிலையை எப்படிக் கவனிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள், அத்தான் குடும்பத்தை விட்டே போய்விட்டார். ஏழு வயதில் அவர்களுடைய மகன் எங்களிடம் வந்தான். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்துப் போனபிறகு, 1939ஆம் ஆண்டுச் சிறுவர் கட்டளைச் சட்டத்தின்படி நீதவான் கட்டளையோடுதான் தந்தார்கள்.

முதல் வருடம் வந்தவர் போனவரெல்லாம் மெச்சினார்கள். "தங்கமான பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை." போட்டதைச் சாப்பிடுவான், கோப்பையைக் கழுவி வைப்பான், இன்னொரு அகப்பை சோறு கேட்டதே இல்லை. நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் பார்த்தால் கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருக்கிறது. கடைவாய்ப் பல்லில் சீழ். நாலு நாளாக வலியாம். "ஏன் மனே சொல்லல்ல?" என்றேன். "உங்களுக்குக் காசு முடியுமே, சின்னம்மா."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவன் எங்கள் வீட்டில் வளரவில்லை, விருந்தாளியாகத் தங்கியிருந்தான். கரைச்சல் கொடுத்தால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவோம் என்ற பயம்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரிடம் போங்கள், காசு இல்லை. நான் போனபோது அவர் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. 1950களில் இங்கிலாந்தில் ஜோன் போல்பி, ஜேம்ஸ் றொபேட்சன் என்ற இரண்டு மனநல ஆய்வாளர்கள், தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார்களாம். முதலில் கத்தி அழுகிறார்கள், பிறகு சோர்ந்து போகிறார்கள், கடைசியில் அமைதியாகிவிடுகிறார்கள். அந்த அமைதியைப் பார்த்து 'பிள்ளை பழகிவிட்டது' என்று தாதிமார் நினைத்தார்கள். உண்மையில் அது பிள்ளை மனதை மூடிக்கொண்ட கட்டம். அவர்கள் பார்த்தது இவனைவிடச் சின்னப் பிள்ளைகளைத்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஓய்வு, இரவு வாட்ஸ்அப்பில் எடுப்பாள். "நல்லா இருக்கன் அம்மா" என்று சொல்லிப் போனை என்னிடம் தந்துவிடுவான். அந்த இரவுகளில்தான் பாயை நனைத்தான் என்பதை நான் வெகுகாலம் சேர்த்துப் பார்க்கவில்லை. பிறகு அழைப்பைப் பகலுக்கு மாற்றினோம். கதைத்து முடிந்ததும் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். "அம்மா உனக்காகத்தானே கஷ்டப்படுறா" என்று சொல்வதை நிறுத்தினேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம், ஆனால் அதைக் கேட்ட பிள்ளை தாய்மேல் கோபப்படக்கூட முடியாமல் போகிறது.

கதைக்கச் சொல்லி நெருக்காதீர்கள். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற சிறுவர் நிலையத்திலும் யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகளுக்குக் களிமண், கதை, விளையாட்டு என்றுதான் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அது சின்ன வெங்காயம். பக்கத்தில் இருந்து உரிக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், தானாகச் சொல்வான். கண்ணீர் வந்தாலும் வெங்காயத்தின்மேல் போட்டுவிடலாம்.

நித்திரை, சாப்பாடு, படிப்பு குழம்பிக் கிடந்தாலோ, தன்னைத்தானே காயப்படுத்தினாலோ காத்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் என்றால், மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம், பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் 1929. 'பைத்தியம் என்று சொல்வார்கள்' என்று என் மாமியும் தடுத்தார், நான் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் நடுவில் ஒருநாள், கோப்பையைத் தள்ளிவிட்டு "எனக்குக் கீரிமீன் வேணாம், நெடுகலும் கீரிமீன்!" என்று கத்தினான். "இவ்வளவு காலம் நல்லாத்தானே இருந்தான்" என்று என் கணவருக்கு ஒரே கவலை. நான் எழும்பிப்போய் முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

அதில் உப்புக் கூடிப்போச்சாம்.