கறுப்பினப் பெண்கள் ஒற்றுமையானவர்கள் என்கிறார்கள். பிறகு ஏன் ஒருவரையொருவர் இவ்வளவு குறை சொல்கிறார்கள்?

நீங்கள் அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஆபீஸில் எதையோ காதில் வாங்கியிருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நான் கறுப்பினப் பெண் இல்லை, அவர்கள் சார்பில் பேசவும் வரவில்லை. கண்டதைச் சொல்கிறேன்.

அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனை பில்லிங் பிரிவில் 9 வருடம் இருந்தேன். எங்களில் சின்னவள், கறுப்பினப் பெண், சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்கு முதல் நாள், முடியை நீட்டி வாராமல் பொடிப்பொடியாகப் பின்னிக்கொண்டு வந்தாள். சாப்பிடும் இடத்தில் எங்களில் மூத்தவர், அவரும் கறுப்பினப் பெண்தான், பிடித்துக்கொண்டார்: "இந்தத் தலையோடவா அவங்க முன்னாடி போய் உட்காரப்போறே?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆமாம்மா, நாளைக்கு மட்டும் வேற மாதிரி வாரிக்கோயேன்" என்றேன். கண் கலங்கியவள்தான் என் பக்கம் திரும்பினாள்: "அவங்க சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது."

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று எனக்குக் கோபம். மறுநாள் காலையில் பார்த்தால், மூத்தவர் அவளை உட்காரவைத்து, பின்னலில் பிரிந்து நின்ற முடியை எண்ணெய் தொட்டுப் படிய வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பதவி அவளுக்குக் கிடைக்கவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை.

மூத்தவர் அலபாமாவின் மாண்ட்கமரிக்காரர். இளவயதில் தலைமுடியாலேயே ஒரு வேலை கைவிட்டுப் போனதாம். முடியைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிபோர்னியா, அதுவே 2019இல்தான். அந்தப் பயம்தான் அன்று அதட்டலாக வந்திருக்கிறது.

கிளாடெட் கோல்வின் பற்றியும் அவர்தான் சொன்னார். 1955 மார்ச் 2, மாண்ட்கமரி பஸ்ஸில் வெள்ளையருக்காக இடம்விட்டு எழ மறுத்துக் கைதானவள், வயது 15. இதே மாதிரி எழ மறுத்துப் பிறகு உலகப் புகழ் பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முந்தியே. கூடப் படித்தவர்களே ஒதுங்கிப் போனார்கள். சின்னப் பெண், பிறகு கல்யாணமாகாமல் கர்ப்பம். கறுப்பினத்தவரின் உரிமை இயக்கம் அவளை முன்னால் நிறுத்தவில்லை. கருத்த நிறமும் ஏழைக் குடும்பமும்கூடக் காரணம் என்று கோல்வினே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் பஸ்ஸில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து உட்காரவைத்ததை 1956இல் முறியடித்த பிரவுடர் வழக்கில் அவளும் இன்னும் மூன்று கறுப்பினப் பெண்களும்தான் வாதிகள். ஒதுக்கிய ஊருக்காகவே கூண்டேறிச் சாட்சி சொன்னாள்.

ஒதுக்கியதை நியாயப்படுத்துகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அது அநியாயம்தான். மூத்தவர் எல்லார் முன்னாலும் அதட்டியதும் தப்புதான்.

எனக்கு ஆறாதது வேறு. போன பொங்கலுக்கு இங்கே நம் குடும்பங்கள் கூடிய இடத்தில், படித்த ஒரு அம்மா, "அந்தப் பக்கம் வீடு பார்க்காதீங்க, கறுப்பருங்க ஜாஸ்தி" என்றார். அதே வாயால் என் மகளிடம், "வெயில்ல ஆடாதே, இன்னும் கறுத்துடுவே." இந்த ஊருக்குப் புதிதாக வந்தபோது எனக்கு ஆபீஸுக்குத் தினமும் காரில் இடம் கொடுத்தவர் அந்த மூத்தவர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மகள் காரில் கேட்டாள், "ஏம்மா நீ ஒண்ணுமே சொல்லலை?"