மேடைக் கலைஞர் ஒருவர் கல்லூரியில் பாடம் எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டுமா?

மொரிஷியஸில் பல வருஷமாகப் பரதம் ஆடுகிறேன், பட்ட வகுப்புக்குப் பாடம் எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும்.

மோக்காவில் 1970இல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனத்தில் பரதமும் கர்நாடக இசையும் பட்டப் படிப்பாகவே இருக்கின்றன. குருவிடம் அவசரமின்றிக் கற்றதை அங்கே செமஸ்டருக்குள் ஒரு வகுப்புக்கே சொல்லித்தர வேண்டும்.

நல்ல கலைஞர்களும் தடுமாறுவது மதிப்பெண் போடுவதில்தான். 'நன்றாக ஆடினாள்' என்றால் போதாது. அரைமண்டி (முழங்கால்களை வெளிப்பக்கமாக மடித்து நிற்கும் நிலை), தாளம், அபிநயம் (முகபாவமும் கைமுத்திரையும்) ஒவ்வொன்றிலும் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஆடிக் காட்டிவிடலாம்; மாணவியின் முழங்கால் ஏன் உள்ளே சாய்கிறது என்று அங்கே பேசும் கிரியோல் மொழியில் விளக்கத் தனிப் பழக்கம் வேண்டும். அனுபவமுள்ள விரிவுரையாளர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பாடம் நடத்துங்கள், பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். அப்புறம் பாடத்திட்டம் எழுதுவது. அது சீக்கிரம் கைவந்துவிடும்.