தோல் ஏற்றிய பழைய பிக்கப்பை வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தோல் தொழில் ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வண்டியென்றால் விலை பேசும் முன் அடியில் படுத்துப் பாருங்கள். உப்பிட்ட பச்சைத்தோலிலிருந்து வடியும் நீர் சரக்குத் தொட்டியின் இடுக்கு வழியே இறங்கி சேஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) அரிக்கும். புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும். அடிப்பாகம் பளபளத்தாலே சந்தேகம்தான். பின் பட்டை ஸ்பிரிங் மாட்டிய இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, மொத்தென்றால் உள்ளே துரு. அங்கே வெல்டிங் தழும்பு இருந்தால் வண்டியே வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) ஓடும்போது எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி சகஜம்; குபுகுபுவெனப் புகைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்மானம்.

ஆர்சியில் ஃபைனான்ஸ் இருந்தால், கடன் கொடுத்தவரின் என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35 கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

வாங்கியதும் ஆயில், டீசல் ஃபில்டர் மாற்றி, சேஸை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள்.