சுண்டெலியின் மூளைக்கு ஒரு கண்ணாடிச் சாளரம்

கேள்வி: உயிருள்ள ஒரே சுண்டெலியின் மூளையை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறார்கள் என்று படித்தேன். மண்டையோட்டுக்குள் இருப்பது எப்படித் தெரிகிறது? அப்படிக் கிடைக்கும் படங்களை நம்பலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நம்பலாம், ஆனால் மண்டையோட்டை எந்த முறையில் திறந்தார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டு நம்ப வேண்டும்.

இந்தத் துறைக்கு அடிப்படையாக அமைந்த கருவி, 1990இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகிய மூவரும் அறிமுகப்படுத்திய இரு ஒளியன் நுண்ணோக்கி. திசுவுக்குள் குறைவாகச் சிதறும் அகச்சிவப்பு லேசர் ஒளியைப் பயன்படுத்துவதாலும், ஒளி குவியும் புள்ளியில் மட்டுமே ஒளிர்வு தோன்றுவதாலும், மூளையின் மேற்பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் கீழே உள்ள நரம்புச் செல்கள் இதில் தெளிவாகத் தெரிகின்றன. அந்தச் செல்கள் ஒளிர்வதற்காக, பச்சை ஒளிர்புரதத்தை உண்டாக்கும் மரபணுவை எலிக்கு முன்பே அளித்திருப்பார்கள்.

எலும்பைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எலும்பை ஏறத்தாழ 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் எஞ்சும்வரை தேய்த்து, அதன் ஊடாகவே பார்ப்பது. இதில் மூளையுறை திறக்கப்படுவதில்லை, ஆனால் எலும்பு மீண்டும் வளர்வதால் சில தடவைகளுக்கு மேல் படம் எடுப்பது கடினம். மற்றொன்று, சில மில்லிமீட்டர் அகலத்துக்கு எலும்பை வட்டமாக அகற்றி, அங்கே மெல்லிய கண்ணாடியை வைத்து, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் சிமெண்டால் ஒட்டுவது; இந்தச் சாளரம் நன்றாக அமைந்தால் மாதக்கணக்கில் தெளிவாக இருக்கும். மறுமுறை பார்க்கும்போது, அதே செல்லைக் கண்டுபிடிக்க இரத்தக் குழாய்களின் கிளைப்பின்னலே வரைபடமாக உதவுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை 2002ஆம் ஆண்டு நிகழ்வில் இருக்கிறது. நரம்புச் செல்களின் கிளைகளில், இணைப்புகள் அமையும் நுண்முட்கள் எவ்வளவு காலம் நிலைக்கின்றன என்பது குறித்து 'நேச்சர்' இதழில் அந்த ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. எலும்பைத் தேய்த்துப் பார்த்த குழு, வளர்ந்த எலியின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளை மேலடுக்கில்) ஏறத்தாழ 96 சதவீத முட்கள் ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருந்தன என்றது. கண்ணாடிச் சாளரம் வழியாக மீசை உணர்வுப் பகுதியைப் பார்த்த குழுவோ, ஏறத்தாழ பாதியே ஒரு மாதம் நிலைத்தன என்றது. மூளைப் பகுதி வேறு என்பதால் மட்டும் இந்த இடைவெளியை விளக்கிவிட முடியவில்லை. எலும்பைத் தேய்க்கும் முறையைக் கையாண்ட குழுவினர் 2007இல் இரு முறைகளையும் ஒப்பிட்டு, எலும்பை அகற்றும்போது நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் க்ளியா செல்கள் காயத்துக்கு எதிர்வினை காட்டுவதாகவும், முட்கள் மறைவதும் புதிதாகத் தோன்றுவதும் அதிகரிப்பதாகவும் காட்டினார்கள். பார்ப்பதற்காகச் செய்த அறுவையே பார்க்கப்படும் பொருளை மாற்றக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகள் சிலவே என்பது என் கருத்து.

கண்ணாடிச் சாளரம் அதனால் கைவிடப்படவில்லை. அறுவைக்குப் பின் இரண்டு மூன்று வாரங்கள் காத்திருந்து, வீக்கம் அடங்கிய பிறகே படம் எடுக்கத் தொடங்குவது வழக்கமாயிற்று. சில கிராம் எடை மட்டுமே உள்ள நுண்ணோக்கியை எலியின் தலையிலேயே பொருத்தி, அது ஓடியாடும்போது செல்களின் செயல்பாட்டைப் பதிவு செய்யவும் இன்று முடிகிறது. ஆழத்தில் உள்ள பகுதிகளைப் பார்க்க மெல்லிய குழல் போன்ற வில்லையைத் திசுவுக்குள் செருக வேண்டியிருப்பதால், அங்கும் காயம் ஆறும்வரை காத்திருந்தே தீர வேண்டும். ஆகவே இத்தகைய ஆய்வை நீங்கள் படிக்கும்போது, படங்களுக்குச் செல்லுமுன் செய்முறைப் பகுதியைத் திறந்து, எந்த வகைச் சாளரம், அறுவைக்கு எத்தனை நாள் கழித்து முதல் படம் என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள்.