தலைதீபாவளியும் தீராத கார்டு பாக்கியும்

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன தீபாவளிக்குக் கிரெடிட் கார்டில் 30,000 ரூபாய்க்கு வாங்கினோம். பத்து மாதமாகத் தவறாமல் கட்டியும் இன்னும் 27,500 நிற்கிறது. வைகாசியில் மகளுக்குத் திருமணம் முடிந்தது. இந்த வருடம் தலைதீபாவளி. சீர் குறைந்தால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். போனஸ் வந்ததும் அடைத்துவிடலாம் என்று மறுபடியும் கார்டிலேயே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காரணம் உங்கள் ஸ்டேட்மென்டிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் தொகைகளைப் பார்த்தால் மாத வட்டி 3.5 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். 27,500 ரூபாய்க்கு அது 962 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 173. ஆக 1,135. நீங்கள் கட்டுவது 'குறைந்தபட்சத் தொகை' என்று அச்சிட்டிருக்கும் ஐந்து சதவீதம், அதாவது 1,375. அசலில் கழிவது வெறும் 240 ரூபாய். பத்து மாதத்தில் சுமார் 14,400 கட்டியிருப்பீர்கள். கடன் குறைந்ததோ 2,500.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வழக்கமான வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஏறும்.

முதலில் இந்தப் பாக்கியை இடம் மாற்றுங்கள். வீட்டில் சிறு நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ அடகு வைத்துக் கார்டை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், இப்போது கட்டும் அதே 1,375 ரூபாயில் 23 மாதத்தில் கடன் முடிந்துவிடும். இடையிடையே அசலில் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். நகையை மீட்கும்வரை கார்டு பீரோவில் இருக்கட்டும். அது முடியாது என்று தோன்றினால் நகையைத் தொடாதீர்கள், இரண்டு கடனாகிவிடும்.

போனஸுக்கு வருவோம். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. ஆனால் அது முழுச் சம்பளத்தின் மீது அல்ல, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்ட தொகையின் மீதே கணக்கிடப்படுகிறது. நினைத்ததைவிடக் குறைவாக வருவது அதனால்தான். போன வருடம் கைக்கு வந்த தொகையையே இந்த வருடத்துக்கும் எழுதிக்கொள்ளுங்கள். கூட வந்தால் கடனை அடைக்கப் போகட்டும்.

செலவுப் பட்டியலில் 'துணி 12,000' என்று எழுதாதீர்கள். ஆள் ஆளாக எழுதுங்கள்: மாமியாருக்குச் சேலை 1,200, கொழுந்தனார் பிள்ளைகள் இருவருக்கு 1,600, இப்படி. யாருக்கு எடுக்கிறோம் என்பது கண்ணில் பட்டால்தான் எதைக் குறைக்கலாம் என்று தெரியும். பிளவுஸ் தையல் கூலி, ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட், தெருவைக் கூட்டுகிறவருக்கும் பால்காரருக்கும் கொடுக்கும் இனாம் ஆகியவையும் அதே தாளில் இருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின வாரம் கைமாற்று வாங்க வைப்பவை பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகள்தான். துணிக்குக் கோ-ஆப்டெக்ஸின் 30 சதவீதத் தள்ளுபடியையும் பார்த்துவிடுங்கள்.

பட்டாசுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்து வந்திருப்பது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, மொத்தம் இரண்டு மணி நேரம். அதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும்.

இனி சீர். உங்கள் கடிதத்தில் உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை மோதிரத்தை விட்டுவிட்டு மற்றதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மகளுக்கு ஒரு பட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, எண்ணெய்க் குளியல், விருந்து, பலகாரம். இவ்வளவும் போனஸுக்குள் அடங்கும். அடங்காதது மோதிரம் ஒன்றுதான். மகளிடம் முதலில் பேசுங்கள். "மோதிரத்தைச் சித்திரையில் செய்கிறோம்" என்று நீங்களே முன்கூட்டிச் சம்பந்தி அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அன்று காலையில் தட்டில் இல்லாதது தெரிந்தால்தான் பேச்சு வரும். முன்பே தெரிந்த விஷயத்தில் பேச என்ன இருக்கிறது? அப்படியும் முகம் கோணினால் கோணட்டும். அந்தக் கோணலுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி கிடையாது.

மோதிரத்தை 'வட்டியில்லாத் தவணை'யில் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்லலாம். அதிலும் வட்டி உண்டு. விலையில் தள்ளுபடியாகக் காட்டிச் சரிக்கட்டுகிறார்கள். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும், பல இடங்களில் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்த வருடத்துக்கு: பண்டிகை முடிந்த மாதமே வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பு தொடங்குங்கள். நகைக்கடன் ஓடுவதால் மாதம் 500 போதும். தபால் நிலையத் தொடர் வைப்பு ஐந்து வருடத் திட்டம், இதற்குச் சரிப்படாது. பாத்திரம், வெள்ளிக் காசு என்று ஆசை காட்டும் தெருமுனைத் தீபாவளிச் சீட்டு வேண்டாம். சீட்டுதான் வேண்டுமென்றால், 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டாமல் "உங்களுக்குத் தெரியாதா அக்கா, எத்தனை வருடமாக நடத்துகிறோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.