கத்திக் கைப்பிடியில் தம்பியின் டிஎன்ஏ: ரிப்போர்ட் வந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

கேள்வி: காசிமேட்டில் குடியிருக்கிறோம். என் தம்பி ஒரு மீன் கடையில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை பார்க்கிறான். 2025 மார்ச்சில் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கத்திக்குத்தில் இறந்துபோனார். முந்தின வாரம் அவருக்கும் தம்பிக்கும் வாய்த்தகராறு நடந்தது உண்மை. குத்தியதைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. கடையில் இருந்த ஒரு கத்தியை போலீஸ் கைப்பற்றியது. அது 23 நாள் கழித்துத்தான் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. அலகில் இறந்தவரின் ரத்தம் இருந்ததாம். கைப்பிடியில் ‘ஒருவருக்கு மேற்பட்ட ஆண்களின் கலப்பு டிஎன்ஏ உள்ளது, அதில் எதிரியின் டிஎன்ஏ அடங்கும்’ என்று ரிப்போர்ட். ‘எதிரி’ என்று தம்பியைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தக் கத்தியை நாலைந்து பேர் எடுத்துப் புழங்குவார்கள். தம்பி புழலில் இருக்கிறான். குற்றப்பத்திரிகை நகல் வாங்கி 12 நாள் ஆகிறது. டிஎன்ஏவே வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா சார்?

பதில்: உண்மை இல்லை, அம்மா. தினமும் அந்தக் கத்தியைப் பிடித்து வேலை செய்தவரின் டிஎன்ஏ அதன் கைப்பிடியில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். யார் தொட்டிருக்கலாம் என்பதைத்தான் டிஎன்ஏ சொல்லும். என்றைக்குத் தொட்டார், எதற்காகத் தொட்டார் என்பதை அது சொல்லாது.

உங்கள் வழக்கில் அந்த ‘யார்’ என்பதே இன்னும் உறுதியாகவில்லை. ‘கலப்பு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவில் குறிப்பிட்ட சில இடங்களை எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னத் துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவருக்கு உள்ள இரண்டு எண்களைப் படிப்பதுதான் இந்தப் பரிசோதனை. ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, மற்றது அம்மாவிடமிருந்து வந்தது. பரிசோதனை வரைபடத்தில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முகடாகத் தெரியும். ஒருவரின் ரத்தம் மட்டும் இருந்தால் ஒரு இடத்தில் அதிகபட்சம் இரண்டு முகடுகள் தெரியும். பலர் தொட்ட கைப்பிடியில் 12, 13, 14, 16 என்று நான்கு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தம்பிக்கு 13, 16. ‘அடங்கும்’ என்று எழுதிவிடலாம். ஆனால் 12, 14 உள்ளவரும் அடங்குவார், 14, 16 உள்ளவரும் அடங்குவார். எத்தனை பேர் தொட்டார்கள் என்று தெரியாதபோது, இந்த நான்கு எண்களிலிருந்து பத்து விதமான ஆட்களை உருவாக்கலாம்.

ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். அந்த நான்கு எண்களும் சேர்ந்து மக்களிடையே 60 சதவீதம் இருந்தால், நூறில் 36 பேர் அந்த இடத்தில் ‘அடங்குவார்கள்’. ஐந்து இடங்கள்தான் தெளிவாகக் கிடைத்தன, ஐந்திலும் இதே நிலை என்றால், ஏறக்குறைய 165 பேரில் ஒருவர் பொருந்துவார். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் ஆண்கள் மட்டும் 23 லட்சத்துக்கு மேல். அதில் சுமார் 14,000 பேர் அந்தக் கைப்பிடியில் ‘அடங்குவார்கள்’. இருபது இடங்கள் முழுமையாகக் கிடைத்திருந்தால் நிலைமை தலைகீழாக மாறி, உங்கள் தம்பிக்குப் பாதகமாகவும் போகலாம். அதனால்தான் எண் இல்லாத ‘அடங்கும்’ என்ற சொல்லை ஏற்கவும் கூடாது, ஒன்றுமில்லை என்று தள்ளவும் கூடாது. எத்தனை இடங்களில், எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

படிப்பவரின் கணிப்பும் இதில் கலக்கிறது. சின்ன முகடு ஒன்று தெரிந்தால், அது கொஞ்சமாகத் தொட்ட ஒருவருடையதா, அல்லது பெரிய முகட்டுக்குப் பக்கத்தில் பரிசோதனையே உண்டாக்கும் நிழலா என்று ஆய்வாளர்தான் முடிவு செய்கிறார். டிஎன்ஏ குறைவாக இருந்தால் உண்மையான முகடு தெரியாமலும் போகும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கின் கலப்பு மாதிரியை, வழக்கு விவரம் எதுவும் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். அந்த வழக்கில் ஆய்வகம், சந்தேக நபரை விலக்க முடியாது என்று சொல்லியிருந்தது. 17 பேரில் ஒருவர்தான் அதை ஒப்புக்கொண்டார். நான்கு பேர் முடிவு சொல்ல இயலாது என்றார்கள். 12 பேர் அவர் இல்லவே இல்லை என்று விலக்கினார்கள்.

நம் உச்ச நீதிமன்றமும் ரிப்போர்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. இளம்பெண் ஒருவர் கொலையான டெல்லி சாவ்லா வழக்கில் 2022இல் மூவரின் தூக்குத் தண்டனையை ரத்து செய்து விடுவித்தபோது, டிஎன்ஏ முடிவுக்கு என்ன அடிப்படை, முறைகள் நம்பகமாகக் கையாளப்பட்டனவா என்று கீழ்க் கோர்ட்டுகள் பார்க்கவே இல்லை என்று குறிப்பிட்டது. நம் தேனி மாவட்டம் சுருளி அருவி கொலை வழக்கில் 2025 ஜூலையில் இன்னும் ஒரு படி போனது: டிஎன்ஏ மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் கத்தி அதற்கு முன்பே கைப்பற்றப்பட்டது. ஆனாலும் 23 நாள் அது எங்கே இருந்தது, சீல் எப்போது வைத்தார்கள் என்ற கேள்விகளை மகஜரையும் (கைப்பற்றியபோது எழுதிய பதிவு) கோர்ட்டுக்கு அனுப்பிய படிவத்தையும் வைத்துக் கேட்கலாம்.

அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். பிஎன்எஸ்எஸ் எனப்படும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 330வது பிரிவின்படி, நகல் கிடைத்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஒப்புக்கொள்கிறோமா மறுக்கிறோமா என்று சொல்ல வேண்டும். ஒரு தரப்பு ஆட்சேபித்தால் ஒழிய நிபுணரைக் கோர்ட்டுக்கு அழைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ‘அரசு ரிப்போர்ட்தானே, ஆட்சேபணை இல்லை’ என்று வக்கீல் ஒரு வரி எழுதிவிட்டால், அந்த ‘அடங்கும்’ குறுக்கு விசாரணையே இல்லாமல் சாட்சியமாக நின்றுவிடும். ரிப்போர்ட்டை மறுக்கிறோம், நிபுணரை விசாரிக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். நாள் தவறினால் காரணம் காட்டி நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது, ஆய்வகக் கோப்பு. முகடுகள் தெரியும் வரைபடங்கள், எண் அட்டவணை, எவ்வளவு டிஎன்ஏ கிடைத்தது என்ற பதிவு, கையெழுத்துக் குறிப்புகள் எல்லாம் வேண்டும். அதே சட்டத்தின் 94வது பிரிவில் மனு போடலாம். கோர்ட் குற்றச்சாட்டு வனைவதற்கு (இன்னின்ன குற்றம் என்று முறைப்படி பதிவு செய்வதற்கு) முன் போட்டால் பொதுவாகத் தள்ளுபடியாகும். நிபுணர் கூண்டேறுவதற்கு முன் போடுவதே சரி. அந்தத் தாள்களை வேறொரு நிபுணரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் எழுதிய நிபுணரிடம் வக்கீல் கேட்க வேண்டியவை: தம்பியின் எண்களைப் பார்த்த பிறகு கலப்பைப் படித்தீர்களா, முன்பா? மீதி முகடுகள் யாருடையவை? கடையில் வேலை செய்த மற்றவர்களிடம் ரத்த மாதிரி எடுத்தீர்களா என்று விசாரணை அதிகாரியிடமும் கேட்க வேண்டும்.

தம்பியிடம் நேரில் பேசும்போது ஒன்று சொல்லுங்கள். கோர்ட் கேள்வி கேட்கும் நாளில் எல்லாவற்றுக்கும் ‘பொய்’ என்று சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தக் கத்தியையே பார்த்ததில்லை என்று அவர் சொன்னால், கைப்பிடியில் டிஎன்ஏ இருந்ததற்கான நேர்மையான காரணத்தை அவரே அழித்துவிடுவார். கடையில் தினமும் அதில்தான் மீன் வெட்டினேன் என்பது உண்மையானால் வக்கீலிடம் அதை மறைக்காமல் சொல்லட்டும். தகராறு நடந்ததையும் மறைக்க வேண்டாம். அது பகைக்குக் காரணமாகலாம், குத்தியதற்குச் சாட்சியாகாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது தம்பியே சிறை அதிகாரி மூலம் மனு கொடுக்கலாம். நகல் வாங்கிய தேதியைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள். 30 நாளில் 12 போய்விட்டது, இன்னும் 18 நாள் இருக்கிறது.